ஆட்டின் பெயரில் ஒரு வீடு

இங்கிலாந்தில் ஏழெட்டு ஏக்கர் வாங்கி, கொஞ்சம் செம்மறி, கொஞ்சம் கோழி, இரண்டு பன்றி, நாலு பாத்தி காய்கறி என்று கலப்புப் பண்ணை வைத்து, அந்த மண்ணிலேயே குடியிருக்க ஆசையா? ஆசையை முதலில் மூட்டை கட்டி வையுங்கள். 1947-ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டம் வந்த நாளிலிருந்து அங்கே நிலம் வாங்குவது வேறு, அதில் வீடு கட்டுவது வேறு. உழலாம், விதைக்கலாம், மேய்க்கலாம். அங்கேயே குடித்தனம் நடத்தத்தான் கவுன்சிலின் திட்ட அனுமதி வேண்டும்.

விண்ணப்பத்தில் உங்களைப் பற்றி எழுதாதீர்கள். நகரத்து இரைச்சல் பிடிக்கவில்லை, பிள்ளைகள் மண்ணில் விளையாடி வளரவேண்டும் என்பதெல்லாம் மாமனாரிடம் சொல்லவேண்டிய சங்கதிகள். தேசியத் திட்டக் கொள்கை கேட்பது வேறு: பண்ணையில் வேலை செய்பவர் அங்கேயே நிரந்தரமாகத் தங்க 'அத்தியாவசியத் தேவை' உண்டா? அந்தத் தேவை உங்களுடையதாக இருந்து பயனில்லை, ஆட்டினுடையதாக இருக்கவேண்டும். நடுநிசியில் குட்டி குறுக்கே கிடக்கிறது, கைவிட்டுத் திருப்ப ஆள் வேண்டும் என்று எழுதுங்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை அங்குள்ள அதிகாரிகளுக்குத் தெரியாது என்பது நமக்கு ஒரு வசதி.

சாட்சிகளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முட்டைக்கோசு ராத்திரியில் கூப்பிடாது. அதனால் அதற்கு மதிப்பில்லை. தேனீக்கள் இருட்டியதும் அடங்கிவிடும். அல்பாக்கா வளர்த்து விண்ணப்பிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பிராணி பெரும்பாலும் பட்டப்பகலில்தான் குட்டி போடும். எதிர்த்தரப்பு நிபுணர் அதையும் படித்துவிட்டுத்தான் வருவார். செம்மறி நல்ல சாட்சி. என்ன, ஈனும் காலம் சில வாரங்களில் முடிந்துவிடும். 'அந்தச் சில வாரத்துக்கு ஒரு கேரவன் போதுமே' என்பார் அதிகாரி. இங்கேதான் கலப்புப் பண்ணை கைகொடுக்கும். மார்ச்சில் ஆடு, கோடையில் பன்றி, இலையுதிர் காலத்தில் மாடு, இடையிடையே விளக்கு வெப்பத்தில் கோழிக்குஞ்சு என்று ஆண்டு முழுவதும் யாராவது பிரசவ வேதனையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கேமரா வைத்துக் கண்காணிக்கலாமே, பக்கத்து ஊரில் வாடகைக்கு இருக்கலாமே என்றும் கேட்பார்கள். கேமராவுக்குக் கை கிடையாது என்று பணிவாகச் சொல்லுங்கள்.

லாபக் கணக்கும் காட்டவேண்டும். முட்டை விற்று முன்னேறுவதைத் தாளில் எழுதுவது எளிது, எழுதுங்கள்.

எல்லாம் கூடிவந்தால் வழக்கமாக முதலில் மூன்றாண்டு அனுமதி, அதுவும் கேரவனில். பயப்படவேண்டாம். சட்டப்படி 20 மீட்டர் நீளமும் 6.8 மீட்டர் அகலமும் உள்ளதுகூட அங்கே கேரவன்தான். நம்மில் பலர் அதைவிடச் சிறிய வீட்டுக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறோம்.

குறுக்கு வழி கேட்கிறீர்களா? சர்ரேயில் ஒரு விவசாயி முழுக் கோட்டையை வைக்கோல் போரில் மறைத்தார். நான்காண்டு யாரும் கேட்காவிட்டால் வீடு நிலைத்துவிடும் என்ற விதியை நம்பி, குடும்பத்தோடு உள்ளேயே வாழ்ந்து, 2006-இல் போரைப் பிரித்தார். போரைப் பிரிப்பதும் கட்டுமான வேலையில் சேர்த்தி, ஆகவே வீடு அன்றைக்குத்தான் முடிந்தது என்றார்கள். 2016-இல் கோட்டை இடிபட்டது. இங்கிலாந்தில் அந்த நான்காண்டுக் கணக்கும் 2024 ஏப்ரலில் பத்தாண்டாகிவிட்டது.

நிரந்தர அனுமதியே கிடைத்தாலும், விவசாய வேலை செய்பவரும் அவரை அண்டியவர்களும்தான் அங்கே குடியிருக்கலாம் என்ற நிபந்தனை கூடவே வரும். விற்கப் போனால் விலை குறையும்.

மறுத்துவிட்டால் மேல்முறையீட்டுக்கு ஆறு மாத அவகாசம். செம்மறி சினைபிடித்து ஈன ஐந்து மாதம். கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது, கிடாவை அவிழ்த்துவிடுங்கள்.