ஷோகேஸைத் திறக்காதீங்க

2018 நவம்பர் 16 விடிவதற்குள் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், போகிற போக்கில் எங்கள் கூத்தாநல்லூரையும் ஒரு கை பார்த்தது. தென்னைகள் படுத்தன, கரண்ட் கம்பங்களும் கூடவே படுத்தன. சம்பா வயலில் நின்றவனுக்குச் சேற்றுப்புண், ஓடு விழுந்தவனுக்கு வெட்டுக்காயம், எல்லாருக்கும் பொதுவாகக் காய்ச்சல். அப்போதுதான் பள்ளிவாசல் வாசலில் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வாத்தியாரே, சென்னையிலேருந்து டாக்டர், நர்ஸுன்னு எட்டுப் பேர் வர்றாங்க. நாலு நாள் தங்கணும். உங்க மச்சான் வீடு சும்மாத்தானே கெடக்கு?"

சும்மாதான் கிடந்தது. எங்கள் ஊரைச் சின்ன சிங்கப்பூர் என்பார்கள். சம்பாதிக்கப் போன சபுராளிகள் வெளிநாட்டில் இருப்பார்கள், வீடு பூட்டிக் கிடக்கும், சாவி சொந்தக்காரன் இடுப்பில் தொங்கும். என் மனைவியின் தம்பி வீட்டுச் சாவி என் இடுப்பில்.

அவனிடம் கேட்க வேண்டுமே. பள்ளிவாசல் ஜெனரேட்டரில் நாற்பது போன்களுக்கு நடுவே இடம்பிடித்து சார்ஜ் ஏற்றி, வாட்ஸப்பில் சொன்னேன். உடனே பதில் வந்தது: "தாராளமா தங்கட்டும் மச்சான். ஷோகேஸை மட்டும் தெறக்காதீங்க."

சுத்தம் செய்ய வந்த அக்கா கூலியே வேண்டாம் என்றார். பதிலாக முதல் டோக்கன் தனக்கு வேண்டும் என்றார். ஒட்டடை அடித்தபடியே சர்க்கரை, முழங்கால், தலைசுற்றல் என்று மூன்றையும் என்னிடம் ஒப்பித்துப் பழகிக்கொண்டார்.

வீட்டில் மூன்று கழிவறை, மூன்றும் வெஸ்டர்ன். மோட்டார் ஓடாது. தெருமுனை அடிபம்பிலிருந்து பையன்கள் குடம் குடமாகச் சுமந்து மேல்தொட்டியை நிரப்பினார்கள். பட்டனை ஒரு தடவை அமுக்கினால் முக்கால் குடம் காலி. மூன்று பட்டன்களின் மேலும் பிளாஸ்திரி ஒட்டினேன். அந்த வீட்டில் நடந்த முதல் சிகிச்சை அதுதான்.

படுக்கைக்குப் பெட்டியைத் திறந்தால் எட்டும் சிங்கப்பூர்க் கம்பளி, எட்டிலும் புலி. அத்தனையும் பல்லைக் காட்டின.

நான் வரலாற்று வாத்தியார். வாய் சும்மா இருக்காது. 1730-ல் தரங்கம்பாடி மிஷனுக்கு ஜெர்மனியிலிருந்து வந்த டாக்டர் ஷ்லேகல்மில்ஷ், வந்த வருஷமே இறந்துபோனதைப் பெருக்கிக்கொண்டே சொல்லிவிட்டேன். மனைவி விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"எந்தத் தண்ணியைக் குடிச்சாராம்?"

அதன் பிறகு அந்த வீட்டில் தண்ணீரெல்லாம் இரண்டு முறை கொதித்தது, வாளித் தண்ணீர் உட்பட. அவளைச் சமாதானப்படுத்த வேலூருக்குத் தாவினேன். 1900-ல் ஐடா ஸ்கடர் தன் அப்பாவின் மிஷன் பங்களாவில் ஒற்றைக் கட்டில் போட்டு ஆரம்பித்ததுதான் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி என்றேன்.

"அந்தக் கட்டிலுக்கு விரிப்பு மாத்துனது யாரு?"

யோசித்தேன். நான் படித்த புத்தகம் எதிலும் இல்லை.

"இருக்காது," என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள்.

வேன் இருட்டிய பிறகுதான் வந்தது. வழியெல்லாம் மரம் தாண்டி வந்த ஆட்டத்தில் ஒரு டாக்டருக்குத் தலைவலி. பெட்டி பெட்டியாக மருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே என் மனைவி கோடாலித் தைலத்தை நீட்டினாள். அவரும் தேய்த்துக்கொண்டார். எங்கள் ஊரில் வேறு வழியில்லை.

இரவு நெய்ச்சோறு, தாளிச்சா. சகன் சாப்பாடு, நாலு பேருக்கு ஒரு தட்டு. சோப்பு போட்டு எப்படிக் கை கழுவுவது என்று எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அப்போதுதான் பாடம் நடத்தி முடித்திருந்த பெண் டாக்டர், தட்டைப் பார்த்தார். கூட உட்கார்ந்த மூன்று பேரின் கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு நடுவில் இருந்த பெரிய கறித்துண்டை அவரே முதலில் எடுத்தார். அறை அறையாக நாங்கள் விரித்த கட்டில்களை யாரும் தொடவில்லை. புழுக்கம் தாங்காமல் எட்டுப் பேரும் மொட்டைமாடியில் பாய் போட்டுப் படுத்துவிட்டார்கள். புலிகள் கீழே தனியாகத் தூங்கின.

முகாம் பள்ளிக்கூடத்தில்தான். ஆனால் சுபுஹு தொழுகை முடிவதற்குள் ஜனம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. டோக்கன் ஒன்று திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மருந்தாளர் பையன் பரபரப்பாக வந்தான். "சார், மாத்திரை அட்டையை ராத்திரி எலி கடிச்சிருக்கு. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி எதுவும் இருக்கா?"

ஒரே ஒரு அலமாரி இருந்தது. சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

பீங்கான் கோப்பைகளை இறக்கினோம். சிங்கப்பூர் மெர்லயன் பொம்மை மட்டும் இறங்கவில்லை. மச்சான் பசை போட்டு ஒட்டியிருந்தான். அதன் இரு பக்கமும் பாராசிட்டமாலும் சர்க்கரை மாத்திரையும் அடுக்கினான் பையன். நாலு நாள் அதுதான் மருந்துக்கடை. குழு கிளம்பிய பிறகு தயங்கித் தயங்கி ஒரு படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் பதிலே இல்லை. பிறகு பார்த்தால் அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறான்: "எங்க வீட்டு ஷோகேஸ்!"

அடுத்த பெருநாளுக்கு வந்தவன், தப்பிக் கிடந்த ஒரு பாராசிட்டமால் அட்டையை எடுக்க விடவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினான். அது காலாவதியாகி வருஷங்கள் ஆகிவிட்டன. மாதம் ஒருமுறை மெர்லயனைத் துடைக்கும்போது அதையும் தூக்கித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைக்கிறேன்.