கணக்குக் காட்டாதவருக்கு ஓலை இல்லை

நிறுவனத்தில் நேர்மை எதனால் வருகிறது? ஆட்களாலா, விதிகளாலா?
*– வாசகர், தென்னேரி*

நல்ல ஆள் வேண்டும்தான். ஆனால் அவரை மட்டுமே நம்பினால், அவர் ஓய்வு பெறும் நாளில் நேர்மையும் ஓய்வு பெற்றுவிடும். கணக்கை யார் கேட்கிறார்கள், எதற்குப் பதவி உயர்வு தருகிறார்கள், தப்பைச் சுட்டிக்காட்டியவர் என்ன ஆனார் என்ற மூன்றையும் பார்த்துத்தான் புதிதாகச் சேர்ந்தவர் நடக்கப் பழகுகிறார்.

உத்திரமேரூர் கல்வெட்டு தேர்தலைப் பற்றியதுதானே? கம்பெனிக்கு அதில் என்ன பாடம்?
*– ஆசிரியர், உத்திரமேரூர்*

சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் ஊர்ச் சபை செய்த ஏற்பாடுகள் அந்த ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று பொறுப்புகளைப் பிரித்தார்கள். பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை, குடத்திலிட்டுக் குலுக்கி எடுக்கும் குடவோலையில் எழுதக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக்கூடாது. களவு நிரூபணமாகட்டும் என்று காத்திருக்கவில்லை. கணக்குக் காட்டாததே தகுதியிழப்புக்குப் போதும்.

எங்கள் கணக்கர் இருபது வருடமாக இருக்கிறார். தணிக்கை என்றால் மனம் புண்படாதா?
*– அரிசி ஆலை உரிமையாளர், வாலாஜாபாத்*

தணிக்கை அவருக்கும் காவல்தான். நாளைக்கு யாரும் அவரைச் சந்தேகிக்க முடியாது. உத்திரமேரூரில் கணக்கு எழுதியவரே வந்து அதை ஒப்பிக்க வேண்டும். அதை முடித்துத் தர வேறொருவரை அனுப்ப முடியாது. கணக்கு சரியென்று ஆகும்வரை மறுபடி அந்த வேலையும் கிடையாது. அப்படிக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் காலத்து உதாரணம் உண்டு: 2009 ஜனவரி 7 அன்று சத்யம் மென்பொருள் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,000 கோடி ரூபாய்க்கும் அதிகமான தொகை உண்மையில் இல்லவே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பல ஆண்டுகளாக ஒரே தணிக்கை நிறுவனம்தான் அங்கே கையெழுத்துப் போட்டுவந்தது. பின்னர் வந்த 2013 கம்பெனிச் சட்டம், பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் தணிக்கையாளரைக் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்கிறது.

பிரேக் பாகங்களை அளக்காமலே ஆய்வுப் படிவத்தில் அளவைப் போடச் சொல்கிறார் மேலாளர். டார்கெட் முடிய வேண்டுமாம்.
*– தொழிலாளி, ஒரகடம்*

போடாதீர்கள். படிவத்தில் உங்கள் கையெழுத்துத்தான் இருக்கும். பிரேக் பிடிக்காத வண்டியில் யாரோ ஒருவர் போவார். "எழுத்தில் கொடுங்கள் சார்" என்று பணிவாகக் கேளுங்கள். பல அவசரங்கள் அதிலேயே அடங்கிவிடும். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் டார்கெட்டுக்குப் பயந்து, வாடிக்கையாளர் கேட்காமலே லட்சக்கணக்கில் கணக்குகளைத் தொடங்கினார்கள். 2016-இல் அது பெரிதாக வெளிவந்தபோது, சுமார் 5,300 ஊழியர்கள் வேலை இழந்திருந்தார்கள். இத்தனை பேரும் பிறவியிலேயே கெட்டவர்களாக இருக்க முடியாது. எட்ட முடியாத இலக்கை வைத்தவருக்கும் அந்தக் குற்றத்தில் பங்கு உண்டு.

புகார் சொன்னால் நம்மைத்தானே மாற்றுவார்கள்?
*– வாசகி, ஸ்ரீபெரும்புதூர்*

அந்தப் பயம் நியாயமானது. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள் புகாருக்கு வழி வைத்து, சொன்னவரைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது அதே 2013 கம்பெனிச் சட்டம். தேதி, நேரம், ஆவணம் என்று குறித்துவைத்துக்கொண்டு பேசுங்கள். முதலாளிகளுக்கு ஒன்று: புகார் சொன்ன ஒருவரைப் பழிவாங்கினால், மற்ற அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். பிறகு தீ பிடித்தாலும் உங்களுக்குச் செய்தி வராது.

உத்திரமேரூர்ச் சபை எல்லாருக்கும் திறந்திருந்ததா?
*– கல்லூரி மாணவி, காஞ்சிபுரம்*

இல்லை. அது நிலம் வைத்திருந்த பிராமண ஆண்களின் சபை. ஏரித் தண்ணீரில் நாற்று நட்ட பெண்கள் அங்கே கேள்வி கேட்டிருக்க முடியாது. இன்றைய நிறுவனம் அந்தக் குறையைத் தொடரக்கூடாது. பங்குதாரருக்குப் பதில் சொல்வதுபோல ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பதில் சொல்ல வேண்டும்.

சுற்றிலும் போலி ஜரிகையை அசல் என்று விற்கிறார்கள். நான் மட்டும் நேர்மையாக இருந்து பிழைக்க முடியுமா?
*– சேலைக் கடைக்காரர், காஞ்சிபுரம்*

முடியும், சொல்லி விற்றால். போலி ஜரிகைச் சேலை விற்பது குற்றமில்லை. அதை அசல் என்று சொல்லி விற்பதுதான் குற்றம். அசல் ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். அதை வாடிக்கையாளருக்கு நீங்களே காட்டிக் கொடுங்கள். எந்த ஜரிகை என்று பில்லில் எழுதுங்கள். அடுத்த கல்யாணத்துக்கு அந்தக் குடும்பம் உங்கள் கடைக்குத்தான் வரும்.