வீட்டு மெக்கானிக்

பொட்டிப்புரம் போன்ற மலையடிவாரத்து ஊர்களில் தெருவுக்கு ஒரு வீட்டு மெக்கானிக் உண்டு. மற்ற நாட்களில் அவர் தோட்டம் பார்ப்பவர், ஆடு வைத்திருப்பவர், ஏலக்காட்டுக்கு ஆள் அனுப்புபவர். ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்குப் பிறகுதான் மெக்கானிக். வண்டி முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள பழைய சிபிஇசட்டாகவோ ஆரம்பகாலப் பல்சராகவோ இருக்கும். கடைக்குப் போகாததற்குக் காரணம் காசு அன்று. "அவனுக்கென்ன தெரியும், நான் பாக்காத வண்டியா?" என்பதுதான் காரணம்.

நோய் எளியது: பிரேக்கைப் பிடித்தால் லீவர் கைப்பிடி வரை வந்து முட்டும், வண்டி நிற்காது. லீவரை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரில் எழும் அழுத்தம் ஆயில் வழியே காலிபருக்குப் போய், அங்குள்ள பிஸ்டன் பேடைத் தள்ளி டிஸ்கை இறுக்க வேண்டும். ஆயிலை அமுக்க முடியாது, காற்றை முடியும். குழாயில் காற்று புகுந்துவிட்டால் கையின் பலமெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். இந்தக் காற்றை வெளியேற்றுவதற்குப் பட்டறையில் ஏர் எடுப்பது என்று பெயர்.

முதல் ஒரு மணி நேரம் மாஸ்டர் சிலிண்டர் மூடியின் இரண்டு ஸ்குரூவுக்குப் போய்விடும். துருப்பிடித்து இறுகிய அவற்றின் தலையை அளவு பொருந்தாத ஸ்குரூடிரைவரால் வழுவழுவென்று ஆக்கிவிட்டுத்தான் சுத்தியலைத் தேடுவார். மூடி திறந்தால் உள்ளே வரக்காப்பி நிறத்தில் ஆயில். லேசான மஞ்சளாக இருக்க வேண்டியது அது.

புது ஆயிலுக்கு அவர் கடைக்குப் போவதில்லை. பரணில், உரச்சாக்குக்குப் பக்கத்தில், போன தடவை மிச்சம்பிடித்த டப்பி மூடி சரியாகப் பொருந்தாமல் இருக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்ததும் அது கிட்டத்தட்ட 155க்கு இறங்கிவிடும். பக்கத்துச் சிலமலைக்குப் போய்வர இது தாங்கும். போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் சூட்டில் ஆயில் கொதித்து ஆவியாகி, லீவர் மறுபடி தொளதொளக்கும். அப்போது இவர் குறை சொல்வது ரோட்டை.

ஏர் எடுக்க இரண்டு ஆள் வேண்டும். காலிபர் நிப்பிளில் குளுக்கோஸ் டியூப்பை மாட்டி, மறுமுனையைக் கலர் பாட்டிலில் விட்டு, எட்டாம் நம்பர் ஸ்பானரோடு நம் மெக்கானிக் மாமா கீழே உட்காருவார். லீவரில் அக்கா மகன். நாலைந்து முறை அடித்து, அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். நிப்பிளைக் கொஞ்சம் திறந்து, ஆயிலும் குமிழியும் வந்ததும் மூடவேண்டும். மூடிய பிறகே லீவரை விடவேண்டும். சாஸ்திரம் அவ்வளவுதான்.

"அமுக்குடா."

"அமுக்கிட்டேன் மாமா."

"விட்றாத... விட்றாத... விட்டுட்டியா?"

"நீங்கதான மாமா விடுன்னீங்க!"

வெளியேறிய காற்று முழுவதும் உள்ளே திரும்பியிருக்கும். இந்தத் தகராறு நடக்கும்போது மேலே ஆயில் வற்றிப்போவதை இருவரும் பார்ப்பதில்லை. மாஸ்டர் சிலிண்டரும் தன் பங்குக்குக் காற்றை இழுத்துக்கொள்ளும். டேங்கில் சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் விட்டுக் கழுவினால் பெயிண்ட் தப்பும். மாமா பனியன் துணியால் தேய்ப்பார். பெயிண்ட் துணியோடு வந்துவிடும்.

இதே பொட்டிப்புரத்து மலையைக் குடைந்து, 50,000 டன் இரும்புக் கருவி வைத்து நியூட்ரினோவை ஆராயத் திட்டம் போட்டார்கள். எதையும் ஊடுருவிப் போய்விடுவது நியூட்ரினோவின் குணம். மாமாவின் குமிழிக்கு அந்த நல்ல குணம் இல்லை. போகச் சொன்னாலும் போகாது.

பொழுது சாய்ந்ததும் லீவரைப் பழைய சைக்கிள் டியூப்பால் கைப்பிடியோடு இறுக்கிக் கட்டிவிட்டுத் தூங்கப் போவார். இது உண்மையிலேயே பலன் தருகிற வைத்தியம். மிச்சமிருக்கும் பொடிக் குமிழிகள் இரவில் மெல்ல மேலேறிவிட, காலையில் லீவர் கெட்டியாக இருப்பது பெரும்பாலும் இதனால்தான். பெருமை மாமாவுக்குப் போகும்.

டீக்கடை வாசலில் வண்டியைச் சடாரென்று நிறுத்திக் காட்டுவதோடு சோதனை ஓட்டம் முடியும். பார்த்துக்கொண்டிருந்த சம்பந்தகாரர் தன் எக்ஸ்எல் வண்டியிலும் பிரேக் சரியில்லை என்பார். அதில் இருப்பது டிரம் பிரேக். இழுப்பது கம்பி வயர். ஆயிலுக்கு வேலையே இல்லை.

"கொண்டாங்க மச்சான், அதுலயும் ஏர் எடுத்துருவோம்" என்பார் மாமா.