ஆறவைத்து அளக்கும் அண்ணன்

இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் ஒரு கொயரி 4 செகண்டில் ஓடிவிட்டால் சந்தோஷப்படக் கூடாது. அண்ணன் வந்துவிடுவார்.

"எத்தனாவது தடவை ஓட்டுன?"

இரண்டாவது என்று சொன்னால் தொலைந்தோம்.

"அது ஞாபகத்துல இருந்து சொல்லுதுப்பா. கேச்சைக் கழுவிட்டு மறுபடி ஓட்டு."

கழுவுவது ஒரு சடங்கு. முதலில் சிங்க் கட்டளை, ஏனென்றால் டிஸ்க்கில் எழுதாமல் கிடக்கும் பக்கங்களை லினக்ஸ் விடாது. அப்புறம் டிராப் கேச்சஸில் 3. அதில் 1 போட்டால் கோப்புப் பக்கங்கள் போகும், 2 போட்டால் டென்ட்ரி, ஐநோடு, 3 போட்டால் எல்லாம். ஒன்றையும் இரண்டையும் அண்ணன் மதித்ததே இல்லை. 2006இல் கெர்னலுக்கு வந்த இந்த வசதி, தனக்காகவே செய்தது என்பது அவர் எண்ணம்.

அதோடு விட்டாரா? மைஎஸ்கியூஎல் தனியாக பஃபர் பூல் வைத்திருக்கிறது. லினக்ஸைக் கழுவினால் அது அசையாது. ஆகவே ரீஸ்டார்ட். ஒருநாள் அப்படியும் கொயரி பறந்தது. தோண்டினால், 5.7 வெர்ஷன் முதல் மைஎஸ்கியூஎல் நிற்கும்போதே, கடைசியாகப் புழங்கிய பக்கங்களில் கால்வாசிக்குப் பட்டியல் எழுதி வைத்து, எழுந்ததும் திரும்ப ஏற்றிக்கொள்கிறதாம். அண்ணன் நாற்காலியில் சரிந்தார். "கூடவே இருந்து குழி பறிச்சிருச்சேப்பா!"

அடுத்து, விர்ச்சுவல் மெஷினுக்கு அடியில் இருக்கும் ஹோஸ்ட் மேல் சந்தேகம். டேட்டா சென்டருக்கு போன். "அஞ்சு நிமிஷம் அணைச்சு ஆறவைங்க தம்பி." மறுமுனையில் வைத்துவிட்டார்கள்.

மாட்டுத்தாவணியில் பரோட்டா சீக்கிரம் வந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். "கல்லு ஏற்கெனவே காஞ்சிருக்கு, இது கணக்குல வராது."

திட்டவும் மனம் வரவில்லை. ஒரு தம்பி இண்டெக்ஸ் போட்டு 40 செகண்டை 2 ஆக்கிவிட்டதாக ஸ்வீட் வாங்கி வந்தான். அண்ணன் கழுவினார். மறுபடி 40. கொயரி அந்த இண்டெக்ஸைத் தொடவே இல்லை. ஸ்வீட்டில் பாதி அண்ணனுக்கே போனது.

ஆனால் போன திங்கள் காலை 11 மணிக்கு, கீழமாசி வீதி மொத்தக்கடை ஒன்றின் லைவ் சர்வரில் 3 போட்டாரே, அதை எதில் சேர்ப்பது? பில் கவுன்டர் மொத்தமும் நின்றது. வாசலில் லோடு ஆட்டோக்கள். வசவு வாங்கியது நான்.

அண்ணே, அந்தக் கடை சர்வர் ஒருநாளும் ஆறிக் கிடப்பதில்லை. கடை திறக்குமுன்பே சரக்குக் கணக்கு ஓடிச் சூடேற்றிவிடுகிறது. டெஸ்ட் சர்வரில் எத்தனை தடவை வேண்டுமானாலும் கழுவுங்கள். ஆறிய நேரம், சூடான நேரம் இரண்டையும் எழுதி வையுங்கள். லைவ் சர்வரின் ரூட் பாஸ்வேர்டை நேற்று மாற்றிவிட்டேன். கேட்காதீர்கள்.