கார்டு வாங்கப்போகிறவர்

இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முப்பதைத் தாண்டி நாற்பதைத் தொடாத வயது. ஐ.டி. கம்பெனியிலோ வங்கியிலோ கௌரவமான உத்தியோகம். வீட்டில், துணி மடித்து வைக்கும் அறையின் மூலையில், 2014-இல் வாங்கிய ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். கல்லூரியில் படித்தபோது "ப்ராஜெக்ட் பண்ணணும்பா" என்று அப்பாவிடம் சொல்லி வாங்கியது. எந்த ப்ராஜெக்டுக்குக் கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று அப்பா கேட்கவில்லை. அந்தக் காலத்து அப்பாக்கள் பில்லில் கடைசி வரியை மட்டும்தான் படிப்பார்கள்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு நம்மவர் புதுக் கார்டு வாங்கப்போகிறார். அடுத்த மாதம். இந்த அடுத்த மாதம் 2016-இலிருந்து வந்துகொண்டே இருக்கிறது.

தன் ரத்தப் பிரிவைக் கேட்டால் ஒரு கணம் யோசிப்பார். கம்ப்யூட்டரின் ஜாதகத்தைக் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார்: ஐ5-4460, நாலு கோர், எச்81 மதர்போர்டு, எட்டு ஜிபி டிடிஆர்3 ராம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டு, அதில் இரண்டு ஜிபி. அவருடைய உலகத்தில் எல்லாத் தொல்லைகளுக்கும் மூலகாரணம் ஒன்றுதான், பாட்டில்நெக். வேகமான கார்டைப் போட்டால் பழைய பிராசஸர் அதற்கு ஈடுகொடுக்காது, கார்டு சும்மா காத்துக்கிடக்கும் என்பது அதன் சாரம். உண்மைதான். ஆனால் போன வருடம் ஒரு கல்யாணப் பந்தியில் சாப்பாடு தாமதமானபோது எழுந்து நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "இலை முப்பது, சாம்பார் வாளி ஒண்ணு. பாட்டில்நெக் அங்கதான்" என்று பக்கத்து இலைப் பெரியவரிடம் சொன்னார். பெரியவர் ஏதோ பாட்டில் சமாசாரம் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் வாங்காமல் விட்ட கார்டுகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 2016 ஜூலையில் ஜிடிஎக்ஸ் 1060 வந்தது. 120 வாட், ஆறு ஜிபி. அவர் மெஷினுக்கு அதைவிடப் பொருத்தமான கார்டு அதற்குப் பிறகு வரவில்லை என்பது என் அபிப்பிராயம். "புதுசா வந்தா விலை கூடத்தான் இருக்கும். கொஞ்சம் பொறு, இறங்கும்" என்றார். 2017-இல் ஈத்தரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டுகிறவர்கள் உலகம் முழுக்கக் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனதில், இறங்க வேண்டிய விலை ஏறிவிட்டது. 2018 செப்டம்பரில் ரே டிரேசிங்கோடு ஆர்டிஎக்ஸ் 20 வரிசை வந்தது. இனிமேல் ஜிடிஎக்ஸ் வாங்குவது முட்டாள்தனம், ரே டிரேசிங்கின் முதல் தலைமுறையை வாங்குவது அதைவிட முட்டாள்தனம் என்று இரண்டு கதவையும் சாத்தினார். 2021-இல் 3060 வந்தபோது அறிவித்த விலை 329 டாலர். இங்கே கடையில் சொன்ன விலை கிட்டத்தட்ட அதற்கு இரண்டு மடங்கு. அந்தத் தடவை அவர்மேல் குற்றமில்லை, யாருமே வாங்க முடியவில்லை.

2022 செப்டம்பரில் ஈத்தரியம் தன் முறையை மாற்றிக்கொண்டு, கார்டு வைத்துத் தோண்டுகிற வேலைக்கு முழுக்குப் போட்டது. தோண்டி ஓய்ந்த கார்டுகள் பழைய சந்தையில் வந்து குவிந்தன. இதோ விடியல் என்று நாங்கள் நினைத்தோம். "ராத்திரி பகலா ஓடின கார்டுப்பா அது" என்றார் முகம் சுளித்து. விசிறியும் தெர்மல் பேஸ்ட்டும் மாற்றினால் அவற்றில் பெரும்பாலானவை ஒழுங்காகவே ஓடும். சொன்னோம், காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த ஜூனில் 4060 வந்தது, எட்டு ஜிபி. "எட்டு ஜிபி எதிர்காலத்துக்குத் தாங்காது" என்று தள்ளிவிட்டார். சொன்னவரிடம் இருப்பது இரண்டு ஜிபி.

அவரை வெறும் வாய்ச்சொல் வீரர் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2022 தொடக்கத்தில் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்று ஒரு மலிவான கார்டு வந்து பலரை மயக்கியது. அது மதர்போர்டோடு பேசுவது நாலே நாலு லேனில். பிசிஐஇ 4.0 உள்ள புது போர்டில் சமாளித்துக்கொள்ளும். இவருடைய எச்81 போர்டோ பிசிஐஇ 2.0, அதில் செருகினால் அந்தப் பாதையின் வேகம் நாலில் ஒரு பங்காகிவிடும். பணம் கட்டுவதற்கு முந்தின இரவு இதைக் கண்டுபிடித்தார். ஆராய்ச்சி அவருடைய காசை உண்மையாகவே காப்பாற்றியது அந்த ஒரு முறைதான். அதைச் சொல்லியே மூன்று வருடம் ஓட்டினார்.

ரிச்சி தெருவுக்கு அவரோடு போவது தனி அனுபவம். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பியதுமே "என்ன சார் வேணும், லேப்டாப்பா, சிசிடிவியா, பிரிண்டரா?" என்று பையன்கள் சூழ்வார்கள். இவர் யாருக்கும் பதில் சொல்லாமல், நிறுத்தியிருக்கும் டூ வீலர்களுக்கு நடுவே பக்கவாட்டில் நடப்பார். சட்டைப் பையில் மனைவியின் தையல் மெஷின் டப்பாவிலிருந்து எடுத்த இஞ்ச் டேப். எந்தக் கடையில் நுழைந்தாலும் முதலில் கார்டின் நீளத்தை அளப்பார். அவர் கேபினட்டில் ஹார்ட் டிஸ்க் மாட்டும் கூண்டு குறுக்கே நிற்கிறதாம். அப்புறம் எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி. டப்பாவிலிருந்து எடுக்கச் சொல்லி, உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் அசைத்து எடை பார்ப்பார். கனமாக இருந்தால் நல்ல சரக்கு. உள்ளே டிரான்ஸ்பார்மரும் கெப்பாசிட்டரும் ஒழுங்காக இருந்தால் கனக்கத்தான் செய்யும் என்பதால் இதை மூடநம்பிக்கை என்று தள்ளவும் முடியவில்லை.

ஒரு ஷட்டர் அகலமே உள்ள கடை ஒன்றில் நரைத்த மீசைக்காரர் உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு நாலே கேள்வி.

"எஸ்எம்பிஎஸ் என்ன சார் போட்டிருக்கீங்க?"

நம்மவர் போனில் போட்டோ காட்டினார். 450 வாட் என்று லேபிள்.

"இது ஸ்டிக்கர் சொல்றது. சரி, என்ன கேம் ஆடுவீங்க?"

இந்தக் கேள்விக்கு அவர் தயாராக வரவில்லை. "எல்லாம்தாண்ணே" என்றார்.

"எல்லாம்னா?"

"சைபர்பங்க்... ரெட் டெட்..."

"ஆடியிருக்கீங்களா?"

"இல்ல, கார்டு வரட்டும்னு வெச்சிருக்கேன்."

மீசைக்காரர் சிரிக்கவில்லை, அது அவருடைய தொழில் பண்பு. "எழுபத்தஞ்சு வாட்டுக்குள்ள ஒண்ணு போடுங்க சார். ஸ்லாட்டுல இருந்தே கரண்ட் எடுத்துக்கும், தனி வயர் வேணாம், எஸ்எம்பிஎஸ்ஸையும் தொட வேணாம். பழசுன்னா 1050 டிஐ இருக்கு, புதுசுன்னா 3050 ஆறு ஜிபி. அதைப் போட்டு ஓட்டுங்க. மிச்சக் காசைச் சேர்த்து வெச்சு அப்புறம் மொத்தமா மாத்துங்க."

இதற்குமேல் இந்த விஷயத்தில் சொல்வதற்கு எதுவும் கிடையாது. நம்மவர் பத்து வருடமாகப் படித்ததை மீசைக்காரர் டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். "யோசிச்சுச் சொல்றேண்ணே" என்று வெளியே வந்தார் நம்மவர். வந்ததும் என்னிடம், "ஆள் ஸ்டாக்கைத் தள்ளப் பாக்கறான்."

கோவணத்தை எலி கடிக்காமல் இருக்கப் பூனை வளர்த்து, பூனைக்குப் பாலுக்காக மாடு வாங்கி, மாட்டை மேய்க்கக் கல்யாணமும் செய்துகொண்ட சாமியார் கதைதான் அன்று இரவு அவர் வீட்டில் நடந்தது. கொஞ்சம் நல்ல கார்டாகப் போடலாம் என்று ஒரு பேப்பரில் எழுத ஆரம்பித்தார். அதற்கு எட்டு பின் வயர் வேண்டும், அதனால் புது எஸ்எம்பிஎஸ். கார்டு நீளம், அதனால் புது கேபினட். பிராசஸர் பாட்டில்நெக், அதனால் புது பிராசஸர், அதற்குப் புது மதர்போர்டு. புது போர்டில் டிடிஆர்3 ராம் ஏறாது, அதனால் புது ராம். (ஏ.ஐ. சர்வர்களுக்கென்று மெமரி சிப்புகள் போய்க்கொண்டிருப்பதால் இப்போது ராம் விலையைக் கேட்டாலே மயக்கம் வருகிறது.) இவ்வளவையும் போட்டுவிட்டு 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் பார்ப்பதா? மானிட்டர். 600 விஏ யுபிஎஸ் கீச்கீச்சென்று கத்தும், அதனால் யுபிஎஸ். கடைசி வரி: மேஜை. பழைய கம்ப்யூட்டரில் தப்பியது கீபோர்டு மட்டும்தான்.

காபி டம்ளரை வைக்க வந்த மனைவி பேப்பரைப் பார்த்தார். "ஏங்க, இந்தக் காசுக்கு ரெண்டு ஏசி வாங்கலாமே?"

"அதனாலதானே நான் இன்னும் எதுவும் வாங்கல" என்றார் நம்மவர், குடும்பத்துக்கு அத்தனை ரூபாயும் மிச்சம் பிடித்துக் கொடுத்தவரின் நிதானத்தோடு.

அதுவரை என்னதான் விளையாடுகிறார் என்று கேட்கலாம். ஜிடிஏ 5. கம்ப்யூட்டருக்கு 2015-இல் வந்தது. 750 டிஐயில் இன்றைக்கும் தாராளமாக ஓடுகிறது. கொள்ளையும் கொலையும் செய்வதற்கென்றே கட்டிய அந்த ஊரில் இவர் தினமும் அரை மணி நேரம் சிக்னலில் நின்று, இண்டிகேட்டர் இல்லையே என்று வருத்தப்பட்டு, கார் ஓட்டுகிறார். தாம்பரம்–கிண்டி சாலையில் கிடைக்காத சுகம் அது. அதற்குப் புதுக் கார்டு எதற்கு என்று நான் கேட்பதில்லை.

2025 அக்டோபரில் இரண்டு இடி சேர்ந்து விழுந்தன. 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் மங்களம் பாடிவிட்டது. விண்டோஸ் 11 இவரைச் சேர்த்துக்கொள்ளாது. இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி, இவருடையது நான்காம் தலைமுறை. அதே மாதத்தோடு மேக்ஸ்வெல், பாஸ்கல் கார்டுகளுக்குப் புது கேம் டிரைவர் தருவதை என்விடியாவும் நிறுத்திக்கொண்டது. 750 டிஐ மேக்ஸ்வெல். ஆனால் நம்மவர் கண் போனது பாஸ்கல்மேல். 2016-இல் வாங்காமல் விட்டாரே, அந்த 1060 அந்தக் குடும்பம்.

"பாத்தியா? அன்னைக்கு வாங்கியிருந்தா இன்னைக்கு வேஸ்ட்!"

நடுவில் ஒன்பது வருடம் விளையாடியிருக்கலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தில் இருந்த வெற்றியைப் பார்த்து விட்டுவிட்டேன்.

அவருடைய அக்கா பையன் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். "மாமா, எந்தக் கார்டு வாங்கட்டும்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டான். மாமா வாய்ஸ் நோட்டாக அனுப்ப ஆரம்பித்தார். லேன், வாட், விரேம், டிரைவர் என்று ஒவ்வொன்றாக விளக்கி, முடிவுரைக்கு வருவதற்குள் பையன் ஆர்எக்ஸ் 6600 வாங்கி வந்து பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டான். அப்படி ஒன்றும் மோசமான தேர்வில்லை. அவனுடைய புது போர்டில் எட்டு லேனும் முழு வேகத்தில் ஓடும். மாமாவே அதைத்தான் கடைசி வாய்ஸ் நோட்டில் சொல்ல இருந்தாராம்.

மாட்டிக்கொடுக்க ஞாயிற்றுக்கிழமை போனார். கை நடுங்காமல் ஸ்லாட்டில் அழுத்தினார், க்ளிக் என்றது. ஸ்க்ரூவை முடுக்கினார், எட்டு பின் வயரைச் செருகினார். அந்தக் காரியத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. பையன் எல்டன் ரிங்கைத் திறந்தான். மாமா அவன் கையிலிருந்து மௌஸை வாங்கி, திரையின் இடது ஓரத்தில் எண்கள் வரும்படி ஒரு செட்டிங் செய்தார். எஃப்பிஎஸ், வாட், டிகிரி. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார். நடுவில் குதிரைமேல் ஒருவன் ஈட்டியோடு பாய்ந்து வந்தான், பையன் உருண்டு விழுந்தான், செத்தான், மறுபடி எழுந்தான். மாமாவின் கண் அந்த ஓரத்தை விட்டு நகரவில்லை.

"மாமா, நடுவுல பாருங்க. சண்டை அங்கதான் நடக்குது."

"இருடா, இருடா. அறுபத்தெட்டு டிகிரியிலயே நிக்குது பாரு!"