மிளகு தேடிப் போன மகாராசன்

கொலம்பஸ் மிளகைத் தேடித்தான் கப்பல் ஏறினார். இதில் வேடிக்கை என்னவென்றால், மிளகுக் கொடியை அவர் கண்ணால் பார்த்ததே கிடையாது! காய்ந்த மிளகுதான் தெரியும். அதில் கொஞ்சம் சாம்பிளுக்கு எடுத்துப்போனார். போட்டோவைக் காட்டி "அண்ணே, இந்த வீடு எங்க இருக்கு?" என்று தெருத்தெருவாக அலையும் டெலிவரி பையன் மாதிரி. என்ன, பையனுக்குத் தெரு தப்பும். இவருக்குக் கண்டமே தப்பிவிட்டது.

1492 நவம்பர். கியூபாவில் நின்றுகொண்டு இதுதான் சீனா என்று முடிவு கட்டிவிட்டார். சக்கரவர்த்தியைப் பார்த்துவர ஆள் அனுப்பினார். அவர்களில் ஒருவர் லூயிஸ் தெ டோரஸ், மொழிபெயர்ப்பாளர். ஹீப்ரூ தெரியும், கொஞ்சம் அரபியும் தெரியும். கியூபாவில் யாரோடு அரபி பேசுவது? அதையெல்லாம் ஹெச்.ஆர். யோசிக்கவில்லை.

போனவர்கள் கண்டது சுமார் ஐம்பது வீடுகள் உள்ள கிராமம். நல்ல உபசாரம். சாம்பிளைக் காட்டி விசாரித்தால், "அந்தப் பக்கம் நிறைய இருக்கு" என்று ஊர் சனம் கைகாட்டியது. வழி கேட்டவனை வெறுங்கையோடு அனுப்ப மனசு வராமல் ஏதோ ஒரு திசையைக் காட்டிவிடுவது நம்மூரில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

கடைசியில் கரீபியன் தீவுகளில் ஸ்பானியர்களுக்குச் சிக்கியது வேறொரு சரக்கு. மிளகைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டை, காய்ந்தால் பழுப்பு நிறம். அதையும் மிளகு என்றே கணக்கில் எழுதிக்கொண்டார்கள். அதுதான் ஆல்ஸ்பைஸ். கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் மூன்றும் கூட்டணி வைத்த வாசம்.

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் மிளகு விற்கும் யாரோ ஓர் அக்காவைக் கப்பலில் கூட்டிப்போயிருந்தால் ஒரே கடியில் விஷயம் முடிந்திருக்கும். "அட சாமி, மிளகு கொடியில காய்க்கும். இது மரத்துல காய்ச்சிருக்கு. கிராம்பு வாசம் வேற அடிக்குது. இதைப் போய் மிளகுன்னா ஊர் சிரிக்காதா?" டோரஸ் வாங்கிய சம்பளத்தில் பாதி கொடுத்திருந்தால் போதும்.

ஆனால் அக்காவின் நாக்குக்கு கேரண்டி கிடையாது. 1494இல் இந்த மகாராசன் மாலுமிகளிடம் நோட்டரியை வைத்துச் சத்தியம் வாங்கினார்: கியூபா தீவே அல்ல, கண்டத்தின் ஒரு பகுதி. பிற்பாடு மாற்றிப் பேசினால் 10,000 மரவேதி நாணயம் அபராதம், நாக்கும் போகும். பூகோளத்தையே அஃபிடவிட் போட்டுத் திருத்தப் பார்த்த ஆளிடம் ஒரு மரத்தைப் பற்றி யார் போய்ச் சொல்வது?

அந்தத் தீவுகளின் பூர்வகுடிகளோ பெயர்ச் சண்டைக்கெல்லாம் போகவில்லை. கறியைப் பதப்படுத்த இந்த ஆல்ஸ்பைஸைப் பயன்படுத்தி வந்தார்கள். ஜமைக்காவின் ஜெர்க் சிக்கனில் காயை அரைத்துத் தடவி, அதே மரத்தின் விறகில் புகைபோடுவார்கள். ஸ்வீடன்காரர்கள் கறி உருண்டையிலும் ஹெர்ரிங் மீன் ஊறுகாயிலும் போடுகிறார்கள். அரபு நாட்டுக்கு வேலைக்குப் போய்க் கப்ஸா சாப்பிட்டுவந்த நம் ஆட்கள், பெயர் தெரியாமலே இதை ஒரு கை பார்த்திருப்பார்கள்.

இங்கிலாந்துக் கனவான்கள் இன்னும் ஒரு படி மேல். குடைப்பிடிக்கும் கைத்தடிக்கும் இதன் இளங்கன்றுதான் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். கன்றுகளை வெட்டித் தள்ளிய வேகத்தில் ஜமைக்கா சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதாயிற்று. குழம்பில் கொதிக்க வேண்டிய மரம் லண்டன் மழையில் நனைந்தது.

கச்சிராயபாளையத்து மளிகைக் கடையில் "பிரியாணி சாமான் பத்து ரூபாய்க்கு" என்றால் பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ எல்லாம் பொட்டலமாக வந்துவிடும். எல்லார் வேலையையும் ஒருவனே பார்க்கும் ஆல்ஸ்பைஸுக்கு இங்கே என்ன வேலை?

இருந்தும் மரம் இந்தியாவுக்கு வந்துவிட்டது. கொலம்பஸால் கடைசிவரை முடியாத பயணம்! நீலகிரி அடிவாரத்து பர்லியார் தோட்டக்கலைப் பண்ணையில் வளர்கிறது. கேரளத்து வீட்டுத் தோட்டங்களில் சர்வசுகந்தி என்ற பெயரில் நிற்கிறது. இலையைப் பறித்துப் பிரியாணியில் போடுகிறார்கள். காய் வேண்டும் என்றால்தான் வம்பு. இதில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஒற்றைக் கன்றை வாசலில் நட்டுவிட்டு வருஷக்கணக்காக அண்ணாந்து பார்ப்பவர்கள் முதலில் அதற்கு ஒரு வரன் தேட வேண்டும். ஆணா பெண்ணா என்று நர்சரியில் கேட்டால், "பூத்தாத்தான் சார் தெரியும்" என்பார்கள்.