‘தவறான தேர்வு’ துறைக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: உயர்திரு வாட்ஸ்ஆப் குறைதீர் பாட் அவர்கள், எங்கள் ஊர் உள்ளாட்சி அலுவலகம்.

பொருள்: தாங்கள் நீட்டிய பொத்தானைத் தாங்களே ஏற்க மறுப்பது தொடர்பாக.

பெருமதிப்புக்குரிய பாட் அவர்களே,

எங்கள் தெருக் குழாயில் சாக்கடை வாடை. தங்களிடம் முறையிட வந்தேன். மூன்று பொத்தான்களைக் காட்டினீர்கள். ‘குடிநீரில் கழிவுநீர்’ என்பதை அழுத்தினேன். ‘தவறான தேர்வு. கீழே உள்ளவற்றில் ஒன்றை மட்டும் அழுத்தவும்’ என்றீர்கள். கீழே அதே மூன்று பொத்தான்கள். தேர்தல் அதிகாரியே சின்னத்தை ஒட்டிவிட்டு, அந்தச் சின்னத்தில் விழுந்த ஓட்டு செல்லாது என்று அறிவித்ததுபோல் இருந்தது.

கம்ப்யூட்டர் படித்த பக்கத்து வீட்டுத் தம்பியிடம் காட்டினேன். சிரித்தான். வாட்ஸ்ஆப் பொத்தானில் 20 எழுத்துக்கு மேல் கொள்ளாதாம். கம்ப்யூட்டர் கணக்கில் மேல்விலங்கும் புள்ளியும், நடுவே விடும் இடமும்கூட ஒவ்வோர் எழுத்து. தங்கள் பதிவேட்டில் உள்ள ‘குடிநீரில் கழிவுநீர் கலப்பு’ என்ற தலைப்பு கழிவுநீரோடு சரியாக 20 ஆகிவிட, கலப்பை வெட்டிவிட்டீர்கள். பிறகு நான் அழுத்திய அரைப் பெயரைப் பதிவேட்டின் முழுப் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டீர்கள். பொருந்துமா? முகப்பில் தெரியும் எழுத்து போக, ஒவ்வொரு பொத்தானுக்கும் திரைமறைவில் ஓர் அடையாளக் குறியீடு உண்டாம். அழுத்தினால் அதுவும் சேர்ந்தே தங்களிடம் வருகிறதாம். அதைச் சரிபார்த்திருந்தால் போதும். தங்களுக்கு முகப்பு எழுத்தின் மேல்தான் பிரியம்.

இதற்கிடையே என் பேரன் கைப்பேசியை வாங்கி, அரட்டையில் மேலே மேலே போய், போன மாதம் யாரும் தொடாமல் கிடந்த ‘தெருவிளக்கு’ பொத்தானை அழுத்திவிட்டான். அது மட்டும் உடனே ஏற்கப்பட்டது! எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று சேர்த்து எழுதிவைக்கும் வழக்கம் தங்களிடம் இல்லை. கடைசியாக வந்து விழுந்ததே பதில். மறுநாள் ஏணியோடு ஒருவர் வந்தார். குடத்தை முகர்ந்து பார்க்கச் சொன்னேன். “இது வேற செக்‌ஷன் சார்” என்று கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.

மாலையில் தாங்களே வந்தீர்கள்: ‘புகார் தீர்ந்ததா?’ ‘இல்லை’யை அழுத்தினேன். தவறான தேர்வு. வெறுத்துப்போய் ‘ஆம்’ என்றேன். ஒரே அழுத்தில் பதிவாகி, கைகூப்பும் பொம்மையோடு நன்றியும் வந்தது. அந்த ‘ஆம்’ பொத்தானைச் செய்தவர் யாரோ, மற்ற பொத்தான்களையும் அவரிடமே ஒப்படைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தவறான தேர்வாளர்